பியூரினுக்கு இன்னொரு வேலையும் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் மூட்டுவலி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நம் உணவிலும் செல்களிலும் இருக்கும் பியூரின் என்ற சேர்மத்தின் பெயர் வந்த இடத்திலெல்லாம் பக்கத்திலேயே 'நச்சு', 'கழிவு', 'எதிரி' என்று ஏதாவது ஒன்று துணைக்கு வந்து நின்றது. துவரம்பருப்பு, பசலைக்கீரை, காளான் எல்லாவற்றின் மீதும் சிவப்பில் பெருக்கல் குறி போட்ட படம் வேறு. எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற கருவூல எழுத்தர் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டார். அன்றோடு அந்த வீட்டில் சாம்பார் நின்றது. "ரசத்தில் பருப்புத் தண்ணீர்கூட விடக் கூடாது என்கிறார், நீங்களாவது சொல்லுங்கள் அக்கா" என்று அவர் மனைவி என்னிடம் வந்து முறையிட்டார்.

நான் டாக்டர் இல்லை. அரசு மருத்துவமனை ஒன்றின் இருதயத் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பியூரின் வகையைச் சேர்ந்த ஒரு மருந்தை என் கையாலேயே பல நோயாளிகளுக்குச் செலுத்தி, அது உடலில் என்ன செய்கிறது என்பதைக் கண்ணெதிரே மானிட்டரில் பார்த்தவள். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பருப்பு விஷயத்தை முடித்துவிடுகிறேன். பியூரின் சிதைந்து கடைசியில் யூரிக் அமிலமாகிறது என்பது உண்மை. மற்ற பல விலங்குகளிடம் அந்த அமிலத்தையும் உடைக்கும் நொதி இருக்கிறது, மனிதனிடம் இல்லை. ஆனால் நம் உடலில் உருவாகும் யூரிக் அமிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நம் சொந்தச் செல்களிலிருந்தே வருகிறது, தட்டிலிருந்து வருவது மீதிதான். அமெரிக்காவில் 47,000 ஆண்களை 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2004-ல் வெளியிட்ட ஆய்வில், இறைச்சியும் மீனும் அதிகம் சாப்பிட்டவர்களுக்குக் கௌட் (யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் வலி) அதிகம் வந்தது. பீர் குடித்தவர்களுக்கும் அப்படியே. பியூரின் மிகுந்த காய்கறி சாப்பிட்டவர்களுக்கு அப்படி வரவில்லை. தங்கள் படத்தில் பீர் பாட்டில் எங்கும் இல்லை, பசலைக்கீரை இருந்தது.

எனக்கு இதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. பியூரின் என்றால் கழிவு, பியூரினைக் கொண்ட ஏடிபி (ATP) என்ற மூலக்கூறு என்றால் செல்லின் எரிபொருள் என்று இரண்டு வரியில் கதையை முடித்துவிடுகிறோம். செவிலியர் பயிற்சியில் நான் படித்த புத்தகமும் அப்படித்தான் சொல்லிற்று. இதே பியூரின் மூலக்கூறுகளைக் கொண்டுதான் ஒரு செல் பக்கத்துச் செல்லுக்குச் செய்தி அனுப்புகிறது என்ற பாதியை யாரும் சாதாரண வாசகருக்குச் சொல்வதில்லை. அந்தப் பாதியின் மேல்தான் இன்று நம்மில் பலர் தினமும் விழுங்கும் மாத்திரைகள் வேலை செய்கின்றன.

இதயம் திடீரென்று நிமிடத்துக்கு 180, 200 என்று ஓடத் தொடங்கும் ஒரு கோளாறு உண்டு. வார்டில் எஸ்.வி.டி. என்போம். நோயாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வியர்த்துப்போய் வருவார். மூச்சை அடக்கி முக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். டாக்டர் கழுத்தின் ஒரு பக்கத்தை நீவிப் பார்ப்பார். அதற்கும் அடங்காவிட்டால், நான் முதலில் சொன்ன அந்தப் பியூரின் வகை மருந்து, அடினோசின். முதலில் 6 மில்லிகிராம், போதாவிட்டால் 12. இந்த ஊசியைப் போடுவதற்குத் தனிக் கைப்பழக்கம் வேண்டும். புறங்கையில் போட்ட சின்ன ஊசி உதவாது, முழங்கை மடிப்பில் பெரிய ரத்தக்குழாய் வேண்டும். மருந்தை ஒரே அழுத்தில் செலுத்திவிட்டு, அடுத்த நொடியே 20 மில்லி சலைனை வேகமாகப் பின்னால் தள்ளி, நோயாளியின் கையை மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். ஏன் இவ்வளவு அவசரம் என்றால், ரத்தத்தில் கலந்த அடினோசின் பாதியாகக் குறைய 10 விநாடிகூட ஆகாது. சிவப்பணுக்களும் ரத்தக்குழாயின் உட்சுவரும் அதை உள்ளே இழுத்துக்கொண்டுவிடும். நிதானமாகப் போட்டால் மருந்து இதயத்தை எட்டுவதற்குள் தீர்ந்துபோகும். புதிதாக வந்த பயிற்சி மாணவிகள் பயந்து மெதுவாகத் தள்ளுவார்கள், மானிட்டரில் ஒன்றும் நடக்காது, டாக்டரின் முகம் மாறும்.

சரியாகப் போட்டால் துடிப்பு அடங்கி, கோடு நேராகப் படுத்துவிடும். இரண்டு விநாடி, மூன்று விநாடி, சிலருக்கு அதற்கும் மேல். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடைவெளியில் நம் மூச்சும் நின்றுதான் போகும். பிறகு ஒரு துடிப்பு, இன்னொன்று, ஒழுங்கான 80. முன்கூட்டியே நோயாளியிடம் சொல்லிவைப்பது என் வழக்கம்: "நெஞ்சை யாரோ அமுக்குவது போல, உயிர் போவது போல இருக்கும் அம்மா, கொஞ்ச நேரம்தான், உடனே போய்விடும்." கோவில் வாசலில் பூ விற்கும் ஒரு மூதாட்டி எழுந்து உட்கார்ந்ததும் என்னைப் பார்த்து, "போவது போல இருக்கும் என்றாய், போய்விட்டுத்தான் வந்தேன்" என்றார். அவருக்கு வந்த கோபம் நியாயமானதுதான்.

இந்த அடினோசின் எங்கோ தொழிற்சாலையில் மட்டும் பிறக்கிற அந்நியப் பொருள் அல்ல. அடினைன் என்ற பியூரினும் ரைபோஸ் என்ற சர்க்கரையும் சேர்ந்தது. அதே அடினைன்தான் நம் மரபணுவில் இருக்கிறது. அடினோசினோடு மூன்று பாஸ்பேட் சேர்த்தால் ஏடிபி. இதயத்தின் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே மின்தூண்டலைக் கடத்தும் ஒரு முடிச்சு இருக்கிறது. அங்குள்ள செல்களின் மேல்பரப்பில் அடினோசினுக்கென்றே ஏற்பிகள் (செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதங்கள்) இருக்கின்றன, ஏ1 என்று பெயர். அடினோசின் அதில் வந்து பொருந்தினால் செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறும் வழி திறக்கும், சில விநாடிகளுக்கு மின்தூண்டல் அந்த முடிச்சைக் கடக்க முடியாது. சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்த தப்புத் தூண்டல் அங்கேயே அறுந்துபோகும். நாங்கள் செய்ததெல்லாம், உடல் தனக்குள் பேசிக்கொள்ளும் ஒரு சொல்லைக் கொஞ்சம் உரக்கச் சொன்னதுதான். ஆக்சிஜன் குறையும்போது இதயத் தசையில் ஏடிபி சிதைந்து அடினோசின் வெளியே கசிகிறது, அது பக்கத்து ரத்தக்குழாயை விரியச் செய்கிறது. எங்கள் ஊசி வருவதற்கு முன்பே இதயத்துக்கு இந்த வித்தை தெரியும்.

இதன் வரலாற்றில் 1929 ஒரு விசேஷமான ஆண்டு. கேம்பிரிட்ஜில் டிரூரியும் சென்ட்-ஜியார்ஜியும் இதயத் தசையிலிருந்து எடுத்த சாற்றை விலங்குக்குச் செலுத்தியபோது துடிப்பு மெதுவாவதைக் கண்டு, அதற்குக் காரணம் அடினைன் சேர்மம் என்று எழுதினார்கள். அதே ஆண்டில்தான் ஜெர்மனியில் லோமானும், அமெரிக்காவின் ஹார்வர்டில் ஃபிஸ்க், சுப்பாராவ் இருவரும் ஏடிபியைக் கண்டுபிடித்தார்கள். அந்தச் சுப்பாராவ் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பீமவரத்தில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கதர் உடுத்தி அறுவை அரங்குக்குப் போய், ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதைவிடக் கீழான எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தவர். சென்னையில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும் என்று நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

ஏடிபி ஒரு செய்தியும்கூட என்று பின்னாளில் சொன்ன விஞ்ஞானி ஜெஃப்ரி பர்ன்ஸ்டாக் அதே 1929-ல் லண்டனில் பிறந்தார். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் 1960-களில் கினிப் பன்றியின் குடல் தசைத் துண்டு ஒன்றை வைத்து அவரும் சகாக்களும் சோதனை செய்துகொண்டிருந்தார்கள். நரம்புகள் இரண்டே பொருள்களால் பேசுகின்றன, ஒன்று அசிடைல்கோலின், மற்றது நார்அட்ரினலின் என்பதுதான் அன்றைய பாடம். இரண்டையும் மருந்து கொடுத்து அடைத்துவிட்டு நரம்பைத் தூண்டினார்கள். ஒன்றும் நடக்கக் கூடாது. ஆனால் தசை தளர்ந்தது. அப்படியானால் மூன்றாவது ஒரு பொருள் இருக்க வேண்டும். அது எது என்று ஆண்டுக்கணக்கில் தேடி, 1970-ல் ஏடிபி என்று எழுதினார்கள். 1972-ல் இவ்வகை நரம்புகளுக்கு 'பியூரினெர்ஜிக்' என்று பெயரும் வைத்தார் பர்ன்ஸ்டாக்.

அறிவியல் உலகம் கைதட்டவில்லை. எல்லாச் செல்லுக்கும் எரிபொருளான ஏடிபியை ஒரு நரம்பு எதற்காக வெளியே கொட்ட வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. கேள்வியில் தவறில்லை, பதில்தான் சுவையானது. செல்லுக்குள் ஏடிபி ஏராளமாக இருக்கிறது, வெளியேயோ அதில் பல ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருப்பதில்லை. அவ்வளவு அமைதியான இடத்தில் சிறிது கசிந்தாலே பக்கத்துச் செல்லுக்குத் தெரிந்துவிடும். வெளியே வந்த ஏடிபியை அங்குள்ள நொதிகள் விட்டுவைப்பதில்லை. ஒவ்வொரு பாஸ்பேட்டாகக் கழற்றி முதலில் இரண்டு பாஸ்பேட் உள்ள ADP (தமிழில் எழுதினால் இதுவும் ஏடிபிதான், ஆனால் வேறு மூலக்கூறு), பிறகு ஏஎம்பி, கடைசியில் அடினோசின் என்று ஆக்குகின்றன. இதில் நான் வியப்பது, ஒவ்வொரு படியிலும் செய்தி மாறுகிறது என்பது. அடிபட்ட செல்லிலிருந்து கசியும் ஏடிபி வலி நரம்பைத் தூண்டும், வெள்ளணுக்களை அழைக்கும். அதே மூலக்கூறு தேய்ந்து அடினோசினான பிறகு பெரும்பாலும் அடங்கு, ஓய்வெடு என்கிறது. அபாய அறிவிப்பிலிருந்தே அதை அடக்கும் அறிவிப்பும் பிறக்கிறது. எந்த இன்ஜினியர் யோசித்து இப்படி அமைப்பார்?

அடினோசினுக்கு ஒன்று, ஏடிபி குடும்பத்துக்கு ஒன்று என்று பர்ன்ஸ்டாக் 1978-ல் இரண்டு வகை ஏற்பிகளைப் பிரித்துக் காட்டினார். 1990-களில் அந்த ஏற்பிகளின் மரபணுக்களையே தனித்தனியாகப் பிரித்தெடுத்த பிறகுதான் சந்தேகக்காரர்கள் ஓய்ந்தார்கள். இன்று அடினோசினுக்கு 4 ஏற்பிகள், ஏடிபி குடும்பத்துக்கு பி2எக்ஸ் வகையில் 7, பி2ஒய் வகையில் 8 என்று கணக்கு. சிறுநீர்ப்பை நிரம்பி அதன் சுவர் விரியும்போது உட்புறச் செல்கள் ஏடிபியை விடுகின்றன, நரம்பு அதை உணர்ந்து மூளைக்குச் சொல்கிறது. நீண்ட பஸ் பயணத்தில் நம்மை நெளிய வைப்பதிலும் பியூரினுக்குப் பங்கு உண்டு. பர்ன்ஸ்டாக் தன் 91-வது வயதில், 2020-ல் மறைந்தார். அன்றைக்கு நம் பத்திரிகைகள் எதிலும் நான் ஒரு வரி பார்க்கவில்லை. கொரோனா காலம், ஒப்புக்கொள்கிறேன்.

இனி காபி. நான் கும்பகோணத்துக்காரி, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து தூக்கத்தைக் கொண்டுவருகிறது. காபியிலுள்ள கஃபீனும் பியூரின் குடும்பத்துப் பிள்ளைதான், சாயலும் ஏறக்குறைய அதேதான். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பவரைப் போல அது அடினோசினின் ஏற்பியைப் பிடித்துக்கொள்கிறது. துண்டு உட்கார்ந்து பயணம் செய்வதில்லை, ஆனால் உரியவரை உட்கார விடுவதும் இல்லை. இரவு டியூட்டியில் மூன்று மணிக்குக் குடிக்கும் டிகாக்‌ஷன் காபி களைப்பைப் போக்குவதில்லை, களைத்திருக்கிறாய் என்ற செய்தியை மூளைக்குப் போகாமல் மறிக்கிறது. கஃபீன் பாதியாகக் குறையச் சுமார் 5 மணி நேரம் ஆகும் என்பதால், காலை எட்டு மணிக்கு வீடு திரும்பிப் படுத்தாலும் தூக்கம் வராமல் புரண்ட செவிலியர்கள் எத்தனையோ பேர்.

இது வெறும் சுவையான தகவல் என்று நினைத்துவிடாதீர்கள். என் கணவரின் அண்ணனுக்கு முழங்கால் தேய்மானம், இதயப் பரிசோதனைக்காக டிரெட்மில்லில் நடக்க முடியாது. அப்படிப்பட்டவர்களுக்கு அடினோசின் அல்லது அதைப் போன்ற மருந்தைச் செலுத்தி இதய ரத்தக்குழாய்களை விரியவைத்து, ரத்த ஓட்டத்தை ஸ்கேனில் பார்ப்பார்கள். கஃபீன் ஏற்பிகளைப் பிடித்துக்கொண்டிருந்தால் மருந்து சரியாக வேலை செய்யாது, அடைப்பு இருந்தாலும் படத்தில் தெரியாமல் போகலாம். குறைந்தது 12 மணி நேரம், பல இடங்களில் 24 மணி நேரம், காபி, டீ, சாக்லேட், கோலா எதுவும் கூடாது என்பது விதி. அவர் போன தனியார் ஸ்கேன் மையத்தில் கொடுத்த தமிழ்ச் சீட்டில் 'சாப்பிடாமல் வரவும்' என்று ஒரு வரிதான் இருந்தது. காபி சாப்பாடு என்று இந்த ஊரில் யார் நினைப்பார்கள்? விடியற்காலையில் ஒரு டம்ளர் குடித்துவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனார். அங்கே விசாரித்துவிட்டு, இன்று முடியாது, வேறு தேதி வாங்கிக்கொள்ளுங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் விசாரித்ததே நல்லது. சீட்டின் ஆங்கிலப் பக்கத்தை வாங்கிப் பார்த்தேன், காபி கூடாது என்று அங்கே தெளிவாக அச்சிட்டிருந்தது! ஆங்கிலம் படிப்பவர்களுக்கு மட்டுந்தான் அடினோசின் ஏற்பி இருக்கிறதா?

ஆஸ்துமாவுக்குத் தியோபிலின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும், அதுவும் கஃபீனின் நெருங்கிய உறவுதான். ஆஸ்துமா உள்ளவருக்கு அடினோசின் மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடலாம் என்பதால், ஊசிக்கு முன் நாங்கள் கேட்கும் முதல் கேள்வியே "இழுப்பு உண்டா?" என்பதுதான்.

இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைத்துக்கொண்டவர்கள் குளோபிடோக்ரெல் என்ற மாத்திரையை நன்றாக அறிவார்கள். அதுவும் பியூரின் செய்தி சம்பந்தப்பட்டதே. ரத்தக்குழாயில் காயம் பட்டால் அங்கே ஒட்டிய தட்டணுக்கள், மேலே சொன்ன இரண்டு பாஸ்பேட் உள்ள ADP-யை வெளியே விடுகின்றன. அதை பி2ஒய்12 என்ற ஏற்பியால் உணர்ந்து மற்ற தட்டணுக்களும் வந்து சேர, உறைகட்டி உருவாகிறது. இந்த ஏற்பியை அடைப்பதுதான் குளோபிடோக்ரெலின் வேலை. 1990-களின் இறுதியிலேயே மருந்து கடைக்கு வந்துவிட்டது, ஏற்பி இன்னதுதான் என்று அடையாளம் தெரிந்ததோ 2001-ல். பல் பிடுங்கப் போகிறேன், சவரம் செய்யும்போது ரத்தம் நிற்கவில்லை என்று டாக்டரைக் கேட்காமல் இந்த மாத்திரையை நிறுத்தியவர்கள், ஸ்டென்ட் அடைபட்டு வந்து படுத்ததை நான் பார்த்திருக்கிறேன். மாத்திரை எந்தச் செய்தியை மறிக்கிறது என்று ஒருவர் முன்பே விளக்கியிருந்தால் அவர்களில் பாதிப் பேராவது நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

மறுபடியும் சுப்பாராவிடம் வருகிறேன், ஒரு காரணம் இருக்கிறது. ஹார்வர்டுக்குப் பிறகு அவர் லெடர்லி என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை ஏற்றார். அங்கு உருவானவற்றில் ஒன்று, நம் டெல்டா மாவட்டங்களில் யானைக்கால் நோய்க்கு வீடு வீடாகக் கொடுத்த டி.இ.சி. மாத்திரை. இன்னொன்று மெத்தோட்ரெக்சேட். முதலில் ரத்தப் புற்றுநோய்க்கு வந்த மருந்து, இப்போது முடக்குவாதத்துக்கு வாரம் ஒரு முறை சிறிய அளவில் தருகிறார்கள். (வாரம் ஒரு முறைதான், தினமும் அல்ல. இதைத் தயவுசெய்து தடித்த எழுத்தில் அச்சிடுங்கள்.) அந்தச் சிறிய அளவில் அது எப்படி வீக்கத்தைக் குறைக்கிறது என்பதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் முக்கியமான விளக்கம், செல்களுக்கு வெளியே அடினோசினைக் கூட்டுகிறது என்பது. ஏடிபியைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரின் கூடத்தில் பிறந்த மருந்து அடினோசின் வழியாக வேலை செய்கிறது! 1948-ல் இறந்த சுப்பாராவுக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. தங்கள் மூட்டுவலிக் கட்டுரை மெத்தோட்ரெக்சேட்டைப் புகழ்ந்துவிட்டு அடுத்த பத்தியிலேயே பியூரினை நச்சு என்கிறது.

ஆராய்ச்சி நிற்கவில்லை. தீராத இருமலுக்கு பி2எக்ஸ்3 என்ற ஏற்பியை அடைக்கும் கெஃபாபிக்ஸன்ட் 2022-ல் ஜப்பானில் அனுமதி பெற்றது. நாவின் சுவையும் அதே வகை ஏற்பிகளின் வழியாகப் போவதால், சாப்பிட்ட பலருக்கு ருசி கெட்டது. இருமலா, ருசியா என்று நோயாளி முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

தங்களிடம் என் வேண்டுகோள் இவ்வளவுதான். கீரை, பருப்பு பற்றிய அந்தப் படத்துக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது மருந்தியல் பேராசிரியர் ஒருவரை அழைத்து, பியூரின் செய்திகள் பற்றியும் அவற்றின் மேல் வேலை செய்யும் மாத்திரைகள் பற்றியும் எழுதச் சொல்லுங்கள். காபி பற்றி அவர் கட்டாயம் எழுத வேண்டும். ஸ்கேன் மையங்கள் தங்களுக்கு விளம்பரம் தருகின்றன என்பதால் தாங்கள் சொன்னால் கேட்பார்கள்: தமிழ்ச் சீட்டிலும் 'முந்தைய நாளிலிருந்து காபி, டீ கூடாது' என்று ஒரு வரி சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
கும்பகோணம்